ஊமைத் துப்பாக்கி

துப்பாக்கி என்றாலே எனக்கு ஆகாது. ஊமைத் துப்பாக்கி என்றால் ஆத்திரமே வந்துவிடுகிறது.

சென்ற வருஷம் லோயர் கேம்பில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். குமுளி மலைப் பாதையில் இரவும் பகலும் பஸ்கள் முனகிக்கொண்டு ஏறும் ஊர் அது. நண்பரின் மகன் இன்ஜினியரிங் படித்தவன். பம்பால் காற்றடைத்துச் சுடும் ஏர்கன் ஒன்று வைத்திருக்கிறான். மேஜைமேல் ஓர் அச்சு இயந்திரம். பிளாஸ்டிக் இழையை உருக்கி, கோலமிடுவதுபோல் அடுக்கடுக்காக இட்டு, வேண்டிய உருவத்தை எழுப்பிவிடுகிறது. அதில் கைக்கடக்கமான கறுப்புக் குழாய் ஒன்று செய்திருந்தான்.

"சைலன்ஸர், சார்! இது ஏழாவது. முந்தின ஆறும் சரியில்லை" என்றான், தலைப் பிள்ளையைக் காட்டும் தகப்பனைப்போல.

சோதனைக்கு என் காதுதான் கருவி. செல்போன் பேச்சைக் கேட்கச் செய்த காதாம். கண் இமைப்பதற்குள் முடியும் வெடிப்பை அதனால் சரியாக அளக்க முடியாதாம். உண்மைதான். தென்னந்தோப்பில் பக்கவாட்டில் தள்ளி நின்றேன். குழாய் இல்லாமல் சுட்டான். சாட்டை சொடுக்கினாற்போல் கேட்டது. மாட்டிக்கொண்டு சுட்டான், சுட்டதே தெரியவில்லை. எதிரே இருந்த தகர டப்பா மட்டும் 'டொக்' என்றது. அடித்தவன் குரல் அடங்கிவிட்டது. அடிபட்டவன் குரல்தான் கேட்டது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. குழல்வாயில் சீறிவரும் காற்று விரிந்து அடங்க இடம் கொடுத்தால் சப்தம் தணிகிறது. மோட்டார் வண்டியின் புகைக்குழாயிலும் இதே தத்துவந்தான். ஹிராம் பெர்சி மாக்ஸிம் என்ற அமெரிக்கர் 1909-ல் துப்பாக்கி சைலன்ஸருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய தகப்பனார்தான் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தகப்பன் ஊரறியக் கொல்ல வழி சொன்னார். மகன் ஊரறியாமல் கொல்ல வழி சொன்னார். நல்ல குடும்பம்!

"அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இராதே, சார்" என்றான் பையன். இந்த வாதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கப்பால் குழந்தை விளையாடுகிறது. இந்தப் பக்கம் ஈயக் குண்டு பறக்கிறது என்று அதன் தாய்க்குத் தெரிய வேண்டாமா? அந்தச் சப்தம் அவளுக்குரிய எச்சரிக்கை. அதைப் பறித்துக்கொண்டு, "உன் சௌகரியத்துக்காகத்தான்" என்பது எந்த ஊர் நியாயம்?

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பாருங்கள். பறவை வந்தால் தோட்டக்காரர் தகரத்தைத் தட்டுகிறார், கூச்சல் போடுகிறார். விரட்ட நினைப்பவனுக்குச் சப்தம் வேண்டும். சப்தம் வேண்டாதவன் யார்? ஒன்று விழுந்த பிறகும் அடுத்தது பறக்காமல் கிளையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பவன்தான். ஒரு பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம், மறுபக்கம் 2021-ல் புலிகள் காப்பகமான மேகமலை. இந்தக் காடுகளைச் சுற்றிவரும் வனக் காவலருக்கு இருட்டில் துணை அவர் காது ஒன்றுதான். அதையும் அடைத்துவிடுவதா?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மயிலைச் சுடுவது 1972-ஆம் வருஷத்து வன உயிர்ச் சட்டப்படி பெருங்குற்றம். ஆனால் 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மிஞ்சியிருந்த ஒரே காவல் அதன் சப்தந்தான்.

விளையாட்டுச் சாமான்தானே என்று அலட்சியம் வேண்டாம். அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் அரசாங்கமே ஏர்கன்களை ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்கிற்று. இரண்டாயிரத்துக்கும் மேல் வந்து சேர்ந்தன. காடுகளில் பறவைக் குரல் குறைந்துபோனதுதான் காரணம். அதுவும் சப்தமுள்ள ஏர்கன்கள் செய்த வேலை!

நண்பரின் மகன் தகர டப்பாவைத் தவிர எதையும் சுட்டதில்லை. அதை நம்புகிறேன். ஆனால் அந்தக் குழாயின் வரைபடத்தைச் சிநேகிதர்கள் கேட்கிறார்களாம்; அனுப்பப் போகிறானாம். அவர்கள் எதைச் சுடுவார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

"எட்டாவது இன்னும் நன்றாக வரும், சார்" என்றான் சற்றுப் பொறுத்து.

"அதற்கு வேறு காது பார்த்துக்கொள், தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்மேல் வருத்தந்தான்.