திரையில் விழுந்த கோடு... பழி மட்டும் ஏன் வாங்கியவர் தலையில்?

"எங்கயாவது இடிச்சீங்களா? மேல வெயிட்டா ஏதாவது வச்சீங்களா?"

திரை கெட்டுப்போன லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் கவுன்டரில் இருப்பவர் மூடியின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்துவிடுவார். ஏதோ ஒரு மூலையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தடம் கிடைத்தால் போதும். ஜாப் ஷீட்டில் 'பிசிக்கல் டேமேஜ்' என்று ஏறிவிடும். அதற்குப் பிறகு வாரன்ட்டி எட்டு மாதம் பாக்கி இருந்தாலும் பயனில்லை. பணம் கட்டி பேனலை மாற்றுங்கள், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு போங்கள். எஸ்டிமேட்டைப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் பணம் போட்டுப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

இது வசதி படைத்தவர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. மகளின் கல்லூரிப் படிப்புக்காக அப்பா மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்த லேப்டாப்தான் பல வீடுகளில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குப் போடுபவர், டி.டி.பி. வேலை செய்பவர், வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பவர் எல்லோருக்கும் அது பிழைப்புக்கான கருவி. திரை போய்விட்டால், ஓடாத பொருளுக்குத் தவணையும் கட்ட வேண்டும், அதைச் சரிசெய்யக் கைமாற்றும் வாங்க வேண்டும்.

அடியா, குறையா?

பயனாளர்கள் யாருமே தவறு செய்வதில்லை என்று வாதிடவில்லை. கீபோர்டின் மேல் பேனாவை வைத்துவிட்டு மூடியை அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கையால் திரையைப் பிடித்தே லேப்டாப்பைத் தூக்குபவர்களும் இருக்கிறார்கள். ஆனால், அடிபட்ட திரை தன் கதையைத் தானே சொல்லிவிடும். அடி விழுந்த புள்ளி கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து விரிசல் நாலாபக்கமும் பிரியும். அதைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறுப்பு பரவும்.

விரிசலே இல்லாமல் மேலிருந்து கீழாக நேர்கோடு விழுவது வேறு ரகம். பேனலின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் நுண்ணிய இணைப்புகளில் ஒன்று விட்டுப்போனாலே அப்படிக் கோடு விழும். மூடியை அசைக்கும்போது மட்டும் படம் துடித்தால், ஹிஞ்ச் (கீல்) வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹிஞ்ச் மிக இறுக்கமாக இருந்து, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பலவீனமாகவும் இருந்தால், திறந்து மூடித் திறந்து மூடியே மூடி பிளந்துகொள்ளும். திறந்து மூடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள், திறந்து மூடியதால் கெட்டது என்றால் அது யார் குற்றம்?

திரையில் பழுதான புள்ளிகள் பற்றிய விவகாரம் இன்னும் விசித்திரமானது. 1920 க்கு 1080 அளவுள்ள சாதாரணத் திரையில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் புள்ளிகள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வகுத்த விதிகளில், 'இரண்டாம் வகுப்பு' எனப்படும் திரையில் 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பவை இரண்டும், எப்போதும் இருண்டே இருப்பவை இரண்டும் இருக்கலாம். அதாவது, முழுத்திரையில் நாலு வெள்ளைப் புள்ளி, நாலு கறுப்புப் புள்ளி இருந்தாலும் நிறுவனம் 'இது குறையே இல்லை' என்று சொல்லலாம். சொல்லட்டும், ஆனால், பணம் வாங்குவதற்கு முன்னால் அல்லவா சொல்ல வேண்டும்? எந்தக் கடையில், எந்த விளம்பரத்தில் 'இந்தத் திரையில் இத்தனை புள்ளி வரை மாற்றித் தர மாட்டோம்' என்று எழுதியிருக்கிறார்கள்?

ஆறு டாலர் கேபிள், அறுநூறு டாலர் திரை

இந்தச் சண்டை நம் ஊரோடு நிற்பதில்லை. உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஆப்பிளே இதில் சிக்கிய கதை உண்டு.

2016 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோ லேப்டாப்களை மேலும் மெலிதாக்கி வெளியிட்டது. வாங்கியவர்கள் சிலரது திரையின் அடிப்பகுதியில் நாளடைவில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறித் தெரியத் தொடங்கின. பிறகு, மூடியை ஓரளவுக்கு மேல் திறந்தால் திரையின் பின்விளக்கே அணைந்துவிடும். பொருள்களைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2019 ஜனவரியில் காரணத்தைப் போட்டு உடைத்தது. திரையையும் உடற்பகுதியையும் இணைக்கும் மெல்லிய கேபிள், ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் இழுபட்டு உரசித் தேய்கிறது என்றது. கேபிளின் விலை ஆறு டாலர்தான். ஆனால், அது திரையோடு சேர்த்தே செய்யப்பட்டிருந்ததால் தனியாக மாற்ற முடியாது; முழுத்திரையையும் மாற்ற 600 டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டது. 2018 ஆம் ஆண்டு மாடலில் அதே கேபிள் 2 மில்லி மீட்டர் நீளமாக்கப்பட்டிருந்ததையும் அது கண்டுபிடித்தது. புதிதாக வாங்குபவர்களுக்கு நீளமான கேபிள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எஸ்டிமேட்!

பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து இணையத்தில் மனு போட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2019 மே மாதம் ஆப்பிள் இறங்கி வந்தது. 2016 ஆம் ஆண்டின் 13 அங்குல மாடலுக்கு இலவசமாகப் பழுது நீக்கித் தருவதாகவும், முன்பே பணம் கட்டியவர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம் என்றும் அறிவித்தது. 15 அங்குல மாடலை வாங்கியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் சார்பில் கலிஃபோர்னியாவில் கூட்டு வழக்குப் போடப்பட்டது, அது தள்ளுபடியானது. 2022 ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஓராண்டு வாரன்ட்டி முடிந்த பிறகே கோளாறு வெளிப்பட்டது என்பது நிறுவனத்துக்குக் கைகொடுத்தது.

அதே நிறுவனத்தின் பழுதான 'பட்டர்ஃபிளை' கீபோர்டு வழக்கு வேறு மாதிரி முடிந்தது. 2018 இல் தொடங்கிய அந்தக் கூட்டு வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 5 கோடி டாலர் தர 2022 இல் ஆப்பிள் சம்மதித்தது. ஆக, கோர்ட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் ஒரு பக்கம். தனித்தனியாகக் கவுன்டரில் நின்றவரை திரை கெட்டவர்களுக்கு எஸ்டிமேட்தான் பதில். ஒரே புகாரைப் பல ஆயிரம் பேர் ஒன்றாகச் சேர்ந்து சொன்ன பிறகுதான் 13 அங்குலக்காரர்களுக்காவது விடிவு பிறந்தது.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

நம் நாட்டில் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கெட்ட திரைக்கு அது நல்ல ஆயுதம். குறையைச் சரிசெய்யவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்ட ஈடு கொடுக்கவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். லேப்டாப் வாங்கிய ஊரிலோ கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரிலோ போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பில் அப்பா பெயரில் இருந்து, பயன்படுத்துவது மகள் என்றாலும் அவரும் நுகர்வோரே. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரையும் 'வியாபார நோக்கம்' என்று தள்ளிவிட முடியாது.

பிரச்னை அடுத்த படியில் வருகிறது. தயாரிப்பிலேயே குறை இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டிய சுமை புகார்தாரர் மேல் விழுகிறது. நிபுணர் கருத்து இல்லை என்பதாலேயே தோற்கும் வழக்குகள் நிறைய. ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையப் படியேறியவர்களைக் கேட்டால் வாய்தா கணக்கை அவர்கள் சொல்வார்கள்.

2019 சட்டம் புதிதாகக் கொண்டுவந்த 'பொருள் பொறுப்பு' அத்தியாயமும் இங்கே கைகொடுக்காது. கெட்ட பொருளால் மற்றவற்றுக்கு நேரும் பாதிப்பைத்தான் அது பேசுகிறது. பொருளுக்கே நேரும் சேதத்தை விட்டுவிடுகிறது. பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருந்தாலும், அது ஆபத்தான பொருள்களுக்குத்தான். திரையில் விழுந்த கோடு யார் உயிரையும் எடுத்துவிடாதே!

அரசு என்ன செய்யலாம்?

பலரும் கவனிக்காத ஒரு வழி சட்டத்தின் 35 ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு புகார் தரலாம். அதைவிட முக்கியமாக, மத்திய அரசோ மாநில அரசோ தானே புகார்தாரராக நிற்கலாம். 2015 இல் மேகி நூடுல்ஸ் விவகாரத்தில், பழைய சட்டத்தின் இதே போன்ற பிரிவின்கீழ் மத்திய அரசு நெஸ்லே நிறுவனத்திடம் சுமார் 640 கோடி ரூபாய் கேட்டுத் தேசிய ஆணையத்துக்குப் போனது. அந்த வழக்கு 2024 இல் தள்ளுபடியானது உண்மை. ஆனால், அரசு நினைத்தால் மக்களுக்காக வழக்குப் போட முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. தமிழக உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை, ஒரே மாடலில் ஒரே மாதிரியான புகார்கள் குவியும்போது இந்தப் பிரிவை ஏன் கையில் எடுக்கக் கூடாது?

புகார்கள் குவிகின்றனவா என்று தெரிய வேண்டுமே! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 க்கு வரும் லேப்டாப் புகார்களை நிறுவன வாரியாக, மாடல் வாரியாக, கோளாறு வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். 'உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் இப்படி' என்ற பொய் அன்றோடு செத்துப்போகும்.

'பிசிக்கல் டேமேஜ்' என்று எழுதி வாரன்ட்டியை மறுக்கும் சர்வீஸ் சென்டர், எந்த இடத்தில் என்ன சேதம், அது இந்தக் கோளாறை எப்படி உண்டாக்கியது என்பதைப் புகைப்படத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்று விதி வர வேண்டும். மூலையில் கீறல் இருப்பதாலேயே நடுத்திரையில் கோடு விழுந்துவிடாது. அரசுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தந்தால், மாவட்ட ஆணையங்களுக்குச் சோதனை அறிக்கை குறைந்த செலவில் கிடைக்கும்.

பிரான்சில் 2021 முதல் லேப்டாப்களின் மீது, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு 10 க்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டியே விற்க வேண்டும். உதிரி பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடக்கம். இங்கேயும் விற்கும்போதே பேனலின் விலையைச் சொல்லச் சட்டம் வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரும் திட்டத்தை 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. இத்தனை லட்சம் வாங்குபவர் சொன்னால் எந்த நிறுவனம் கேட்காது? திரைக்கும் ஹிஞ்சுக்கும் தனி வாரன்ட்டி, மாவட்டந்தோறும் சர்வீஸ், மறுத்தால் எழுத்துபூர்வக் காரணம் என்று கொள்முதல் நிபந்தனையில் சேர்த்தால், அதே வழக்கம் கடைக்கும் வந்து சேரும்.

நாம் செய்ய வேண்டியது

அரசு விழிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். டெலிவரி பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றே திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாக வைத்துப் புள்ளிகளைத் தேடுங்கள். கோளாறு வந்தால், சர்வீஸ் சென்டரில் ஒப்படைப்பதற்கு முன்பே நான்கு மூலைகளையும் ஹிஞ்ச் பகுதியையும் தேதி தெரியும்படி படம் பிடியுங்கள். ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'பிசிக்கல் டேமேஜ்' என்று இருந்தால் 'இதை ஏற்கவில்லை' என்று பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் போடுங்கள்.

அசையவில்லை என்றால் 1915 இல் புகார். அதற்கும் பலனில்லை என்றால் நிறுவனத்துக்கும் விற்ற கடைக்கும் நோட்டீஸ். பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே வழக்கைப் பதியலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அதே மாடல், அதே கோளாறு உள்ளவர்கள் கிடைத்தால் சேர்ந்து புகார் கொடுங்கள்.

'போனால் போகிறது' என்று நாம் கட்டும் ஒவ்வொரு எஸ்டிமேட்டும், அடுத்து வாங்குபவருக்கும் அதே கேபிளை, அதே ஹிஞ்சைக் கொடுக்க நிறுவனத்துக்கு நாம் தரும் அனுமதி. கையிலுள்ள பில்லையும் ஜாப் ஷீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பணம் கட்டும் முன் ஒரு புகாரைப் பதிவு செய்யுங்கள்.