மனசாட்சிக்காக சட்டத்தை மீறலாமா? ஒரு அரசு டாக்டரின் பதில் (இழை)

1/ "சட்டம் தப்புன்னு தெரியுது. மனசாட்சி வேற சொல்லுது. மீறலாமா டாக்டர்?" இந்தக் கேள்வி கோர்ட்டில் மட்டும் இல்லைங்க, கேசுவாலிட்டியிலும் வரும். என் பதில்: சில நேரம் மீறலாம். ஆனால் மறைத்து மீறுவதும் வெளியே சொல்லி மீறுவதும் ஒண்ணு இல்லை. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ 1938, லண்டன். 14 வயசுச் சிறுமி, ராணுவ வீரர்கள் சிலரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி கர்ப்பமாகிறாள். அன்றைய இங்கிலாந்தில் 1861ஆம் வருடச் சட்டப்படி கருக்கலைப்பு குற்றம். செய்கிற டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம்.

3/ அலெக் போர்ன் என்ற மகப்பேறு மருத்துவர், பெற்றோர் சம்மதத்துடன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அந்தக் கருவைக் கலைத்தார். பணம் வாங்கவில்லை. முக்கியமா, மறைக்கவில்லை. போலீஸ் வந்தபோது செய்ததைச் சொல்லி, தன்னைக் கைது செய்யும்படி அவரே கேட்டுக்கொண்டார்.

4/ வழக்கு நடந்தது. ஜூரி அவரை விடுவித்தது. தாயின் உயிரைக் காப்பது என்றால் அவளுடைய உடல்நலம், மனநலம் இரண்டையும் காப்பதும் அதில் அடங்கும் என்று நீதிபதி விளக்கினார். 1967இல் புதிய சட்டம் வரும்வரை அங்கே டாக்டர்களுக்கு இந்தத் தீர்ப்புதான் துணை. நம்ம நாட்டின் 1971 எம்.டி.பி. சட்டமும், வன்புணர்வால் வந்த கர்ப்பத்தை தாயின் மனநலத்துக்கு வந்த கடும் பாதிப்பாகவே எடுத்துக்கொள்கிறது.

5/ இன்னொண்ணு. போர்ன் எல்லாக் கருக்கலைப்பையும் ஆதரித்தவர் இல்லை. பிற்காலத்தில் அந்த 1967 சட்டத்தையே எதிர்த்தவர். "எனக்குச் சட்டமே கிடையாது" என்பது அவர் நிலை இல்லை. "இந்தக் குழந்தை விஷயத்தில் இந்தச் சட்டம் தப்பு. நான் செய்ததை நீங்களே விசாரிங்க" என்பதுதான்.

6/ இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 309. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம். உயிருக்குப் போராடிக்கிட்டு வர்றவர் டாக்டருக்கு நோயாளி, சட்டத்துக்குக் குற்றவாளி. அநியாயமான சட்டம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

7/ அதனால் என்ன நடந்தது? "இருட்டில் தெரியாம குடிச்சிட்டா டாக்டர்" என்று குடும்பம் சொல்லும். ஏ.ஆர். பதிவிலும் கேஸ் ஷீட்டிலும் "தவறுதலாக உட்கொண்டது" என்று ஏறிவிடும். தெரிந்தே எழுதிய டாக்டர்கள் உண்டு. காசுக்காக இல்லை. பிழைச்சு வந்தவளை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய விடணுமா என்ற இரக்கம். அந்த இரக்கத்தை நான் கொச்சைப்படுத்த மாட்டேன்.

8/ ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார்? "தவறுதலா" குடிச்சவருக்கு மனநல மருத்துவர் எதுக்கு? டிஸ்சார்ஜ் ஆகி அதே வீடு, அதே பிரச்சினை. ஒரு முறை முயன்றவருக்கு மறுபடி முயலும் ஆபத்து அதிகம். வரதட்சணைக் கொடுமை தாங்காமல் குடித்த பெண்ணாக இருந்தால்? "தவறுதல்" என்ற அந்த ஒரு சொல் கொடுமைப்படுத்தினவனையும் காப்பாத்திடும்.

9/ எழுதினவர் நிம்மதியா தூங்கினார். சட்டம் 1860இல் எழுதினபடியே இருந்தது. அது அசைந்தது எப்படி? கோர்ட்டிலும், சட்ட ஆணைய அறிக்கைகளிலும், மனநலத் துறையிலும் பலர் பெயரோடு வாதாடியதால். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது.

10/ "லண்டன் பெரிய டாக்டர் தைரியமா நிற்கலாம். நைட் டூட்டியில் தனியா இருக்கிற ஜூனியர் டாக்டர்?" நியாயமான கேள்வி. எல்லாரும் போர்ன் ஆக முடியாது. ஆனால் பொய்க்கும் ஜெயிலுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கு. உண்மையை எழுதலாம். மனநல ஆலோசனைக்கு அனுப்பலாம். விசாரிக்க வர்ற போலீஸ்காரரிடம் நோயாளிக்காகப் பேசலாம். சங்கம் மூலமா சட்டத்தை மாத்தச் சொல்லலாம்.

11/ இதே "மனசாட்சி"யை இன்னொருத்தரும் சொல்வார். "ஏற்கெனவே மூணு பொண்ணு, பாவம்" என்று ஸ்கேனில் பாலினத்தைச் சொல்லிக் கொடுப்பவர். 1994 சட்டம் அதைத் தடை செய்கிறது. அவரும் இரக்கம் என்றுதான் சொல்வார். ஆனால் அந்த இரக்கத்துக்கு விலை பிறக்கப்போகிற பெண் குழந்தை.

12/ அதனால் நான் மூணு கேள்வி கேட்பேன்.
• இதில் லாபம் யாருக்கு? எனக்கா, எதிரில் இருப்பவருக்கா?
• விலை கொடுப்பது யார்? நானா, பேச முடியாத இன்னொருவரா?
• செய்ததை நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்ல முடியுமா?
1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் போனது ஊரறிய. கைதாகி ஜெயிலுக்கும் போனார். மூணாவது கேள்விக்கு அது பதில்.

13/ கடைசியா, உங்களுக்கு ஒரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. (அரசு ஊழியரின் பணியைத் தடுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்தவோ முயல்வதற்கு மட்டும் தனிப் பிரிவு இருக்கு.) விஷம் என்றால் ஆஸ்பத்திரி இன்னும் போலீசுக்குத் தகவல் தரும். அது பதிவு, தண்டனை இல்லை.

14/ ஆனாலும் அந்தப் பழைய பயம் போகலை. இன்னும் மறைக்கிறாங்க. தயவுசெய்து மறைக்காதீங்க. என்ன குடித்தார், எப்போது, எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. பாட்டிலையோ கவரையோ கையோடு கொண்டு வாங்க. எதுன்னு தெரிஞ்சாதான் சிகிச்சை சரியா இருக்கும்.

15/ மனசு பாரமா இருக்கா? டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104. இரண்டிலும் பேசலாம். யாரும் உங்களைக் குற்றவாளியா பார்க்க மாட்டாங்க.