எரிமலைக்குப் போகும் பேத்தியும் வெள்ளியங்கிரித் தடியும்

போன வாரம் இரவு எட்டு மணிக்குப் பேத்தி போன் செய்தாள். அங்கே அப்போது காலை எட்டரை. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்ற நாட்டில், ஆன்டிகுவா என்ற பழைய ஊரில் தங்கி ஸ்பானிஷ் படிக்கிறாள். ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் அந்த ஊரில் நிறைய உண்டு.

"அப்புச்சி, சனிக்கிழமை அகாத்தெனாங்கோ மலை ஏறப் போறனுங்க. ராத்திரி மேலயே கூடாரம். பக்கத்து எரிமலை நெருப்பைக் கக்கறதை அங்கிருந்து பாக்கலாமாமுங்க" என்றாள்.

வீட்டில் அன்றிலிருந்து இதே பேச்சு. "படிக்கப் போன புள்ளைக்கு எரிமலை எதுக்கு?" என்கிறாள் அவள் அம்மாயி. "நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா கேட்டுக்குவா" என்கிறாள் என் மகள். நான் சொல்லவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயம் இல்லாமல் இல்லை. அகாத்தெனாங்கோவின் உயரம் 3,976 மீட்டர். நம் தொட்டபெட்டாவைப் போல் ஒன்றரை மடங்கு. அது இப்போது அடங்கிக் கிடக்கிறது. அதை ஒட்டி நிற்கும் மலைதான் விழித்திருப்பது. அதன் பெயர் ஃபுவேகோ. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அகராதி தேவைப்படவில்லை. பிரெஞ்சில் 'ஃபே', ஸ்பானிஷில் 'ஃபுவேகோ', நமக்கு நெருப்பு.

2018 ஜூன் 3 அன்று அந்த மலை பெரிதாக வெடித்தது. அடிவாரத்தில் ஒரு கிராமமே புதைந்தது. ஊர்ந்து வரும் சிவப்புக் குழம்பிலிருந்து மனிதன் ஒதுங்கி நடந்துவிடலாம். அன்று வந்தது அதுவல்ல. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து சரிவில் பாய்ந்து வந்தது. அதற்கு முன்னால் ஓடித் தப்ப யாராலும் முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் அகாத்தெனாங்கோவிலேயே ஆறு பேர் இறந்தார்கள். காரணம் நெருப்பல்ல, குளிர்.

ஆனால் எரிமலை இல்லாத நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 2018 மார்ச் 11 குரங்கணியை மறக்க முடியுமா? சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து போன இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளியங்கிரியில் மலையேறும் காலம் வந்தால் மாரடைப்புச் செய்தியும் கூடவே வருகிறது. இதய நோயும் மூச்சுக் கோளாறும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

அந்தச் சொல்லைக் கேட்காதவர்களில் நானும் ஒருவன். 1986-ல் அலுவலக நண்பர் ஒருவரோடு வெள்ளியங்கிரி ஏறினேன். நாலாவது மலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுக்குக் காப்பி விற்றவர், "சாமி, இதுக்கு மேல வேண்டாமுங்க, எறங்கிருங்க" என்றார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் மூணு மலைதானே" என்று தட்டிக் கிளப்பியவன் நான். ஐந்தாவது மலையில் அவர் சாய்ந்துவிட்டார். முன்பின் தெரியாத நாலு பேர் வேட்டியில் தூளி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அலுவலக மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மலை ஏறியது தவறில்லை. மலையைத் தெரிந்தவர் சொன்னதைக் கேட்காததுதான் தவறு.

கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. கரும்புத் தோட்ட வேலைக்கு நம் தமிழர்கள் கப்பலேறிப் போன ரெயூனியன் தீவில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட தொட்டபெட்டா அளவுதான். 1977-ல் அதன் குழம்பு ஓர் ஊருக்குள் புகுந்து மாதா கோயில் வாசல் வரை வந்தது. ஊர் மக்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பிறகு அங்கே கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். இன்று மலை உறுமப் போகிறது என்று தெரிந்தால் பாதையின் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். மற்ற நாளில் ஜனங்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே பேத்தியிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது, கம்பளியும் தண்ணீரும் தாராளமாக வேண்டும் என்றேன். இன்னொன்றும் கேட்டேன்: "திரும்பலாம்னு அந்த ஊர் பாஷையில எப்படி கண்ணு சொல்லுவாங்க?"

"ரெக்ரெசேமோஸ்" என்றாள்.

"அந்த வார்த்தை காதுல விழுந்தா, உச்சி பத்தடியில இருந்தாலும் திரும்பிரோணும்" என்றேன். சரிங்க என்றாள்.

அயல்மொழி படிப்பது வேலைக்கு ஆகும், விசாவுக்கு ஆகும் என்கிறோம். முன்பின் தெரியாத மண்ணில், அந்த மண்ணின் மனிதர் நம் நன்மைக்குச் சொல்வது நமக்குப் புரிய வேண்டும் என்பதுதான் முதல் பயன் என்று எனக்குப் படுகிறது. எனக்குச் சொன்னவர் தமிழில்தான் சொன்னார். அப்போதும் நான் கேட்கவில்லை.

பூண்டி அடிவாரத்தில் அன்று வாங்கிய மூங்கில் தடி இன்னும் கதவோரம் சாய்ந்திருக்கிறது. சனிக்கிழமை இரவு அம்மாயி தூங்கமாட்டாள். நானும்தான். ஆனாலும் போகட்டும்.