கிரகணம் கிழித்த உதடா?

மேலுதடு பிளந்த குழந்தை பிறந்துவிட்டால் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "கிரகணத்தன்று இவள் வெளியே போனாளா?" என்பதுதான். உயிர் மருத்துவம் பயிலும் மாணவி என்ற முறையில், இந்தக் கேள்விக்கு இனியும் நம் வீடுகளில் இடம் தரக்கூடாது என்பேன்.

முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. கருவின் தலைப்பகுதியில் தனித்தனி மேடுகள் எழுந்து, வளர்ந்து, பின் இணைகின்றன. நம் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தாம். எந்த மரபணு எங்கே, எப்போது விழிக்க வேண்டும் என்பதில் அண்டை உயிரணுக்கள் அனுப்பும் புரதச் சமிக்ஞைகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'. ஆம், வீடியோ கேமில் ஓடும் அந்த நீல முள்ளெலியின் பெயரேதான்! இத்தகைய சமிக்ஞைகள் பிசகினால் மேடுகள் ஒன்றையொன்று எட்டாமல் பிளவு தங்கிவிடலாம். (ஆறாம் ஆண்டுவரை தமிழில் படித்து, உயிரியலை மலாயில் கற்ற எனக்கு, இதைப் பாட்டியிடம் விளக்கச் சொற்களைத் தேட வேண்டியிருந்தது.)

ஐ.ஆர்.எஃப்.6 என்னும் மரபணு அம்மேடுகளைப் போர்த்தியுள்ள தோலணுக்களை நெறிப்படுத்துகிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பளித்தது. மரபணுவில் பழுதே இல்லாவிட்டாலும், அதை முடுக்கும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் பிளவு உதட்டுக்கான வாய்ப்பு கூடுகிறது. கூடுகிறது, அவ்வளவே, அம்மாற்றம் உள்ள பலருக்கு உதடு நன்றாகவே இருக்கிறது. அந்த எழுத்து தந்தையிடமிருந்தும் வரலாம். தந்தையை யாரும் விசாரிப்பதில்லை!

மேலுதடு கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரத்திற்குள் இணைந்துவிடுகிறது. 2019 டிசம்பர் 26-இல் ஜொகூரில் சூரிய கிரகணம் தெரிந்தபோது எங்கள் அண்டை வீட்டு அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்தாராம். மார்ச்சில் மகன் பிளவு உதட்டோடு பிறந்ததும் பழி முழுவதும் அந்தத் துணிமேல் விழுந்தது. மாதக்கணக்கில் முன்பே முடிந்துபோன வேலையை அன்றைய கிரகணம் எப்படிக் கெடுத்திருக்கும்?

கிரகண வேளையில் கர்ப்பிணி வீட்டில் ஓய்வெடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லை; அதற்காகப் பாட்டிமாரோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. பிறந்தபின் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். அந்நேரத்தில் அவருக்கு வேண்டியது, பிளவு உதட்டுப் பிள்ளைக்குப் பாலூட்டும் முறையைச் சொல்லித்தரும் ஒரு தாதியும், முதல் ஆண்டுக்குள் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு தேதியும்.