ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு கரண்டிப் பருப்பும்

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை. 'தொப்'பென்று சத்தம் கேட்டு ஓடினேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே என் மாமியார் விழுந்து கிடந்தார்கள். 74 வயது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

"தரை ஈரமா இருந்துச்சா அத்தை?"

"இல்லம்மா. எந்திரிச்சேன், கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு."

மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மாவோ தரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நேற்று சாயந்திரத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் குடிச்சீங்க?" என்றுதான் கேட்டார். அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: "ராத்திரி எந்திரிக்கணுமேன்னு நாலு மணி காப்பிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே!

வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கிவிடுமாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நேரும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆறு வாரம் நான்தான் அத்தைக்கு ஊட்டிவிட்டேன். அப்போதுதான் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பொரியலைக் கொடுத்தால் மெல்லாமல் வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். துருவிக் கேட்டதும், "பல்செட் ஆடுதும்மா, ஈறு வலிக்குது. எதுக்கு வீண் செலவுன்னு சொல்லல" என்றார்கள். ரசம் சாதம், காப்பியில் நனைத்த ரொட்டி... எத்தனையோ நாளாக இதுதான் ஆகாரம். 'வயசானா பசி குறையத்தானே செய்யும்' என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ரசம் சாதம் வயிற்றை நிரப்பும், தசையைக் காக்காது. தொடையில் தசை வற்றிவிட்டால், கால் தடுமாறும்போது சமாளித்து நிற்க வலு இருக்காது. பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் வேண்டும். அத்தை 48 கிலோ. ஒரு முட்டையிலோ, ஒரு டம்ளர் பாலிலோ, 30 கிராம் துவரம்பருப்பிலோ கிடைப்பது சுமார் 6 கிராம்தான். அதனால் மூன்று வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இது:

காலை 6 மணி: எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர்.

8 மணி: இட்லி, கெட்டி சாம்பார், ஒரு முட்டை. மாற்றி ஒரு நாள் பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; எலும்புக்கு நல்லது.

11 மணி: உப்புக் குறைத்த நீர் மோர்.

1 மணி: குழைந்த சாதம், ஒரு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டிப் பருப்பு, மசித்த கீரை, தயிர்.

4 மணி: காப்பியோடு, நன்றாக வேகவைத்து மசித்த பாசிப்பயறு.

7 மணி: இடியாப்பமும் பாலும், அல்லது பருப்புக் கிச்சடி.

இடையிடையே தண்ணீர். பெரும்பகுதியை 6 மணிக்குள் குடித்துவிட்டால், ராத்திரி அடிக்கடி எழ வேண்டியிருக்காது. அப்படியே எழுந்தாலும், கட்டில் விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், தண்ணீரின் அளவையும் புரதத்தின் அளவையும் டாக்டரைக் கேட்டே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சிறிது நேரம் வாசல் வெயிலில் உட்காருகிறார்கள். நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருகிறார்கள். தசைக்குச் சாப்பாடு மட்டும் போதாது, வேலையும் வேண்டுமே!

கட்டுப் பிரித்தாகிவிட்டது. புதுப் பல்செட்டும் வந்துவிட்டது. அது வந்த அன்றே அத்தை கேட்டது என்ன தெரியுமா? கடலை உருண்டை! "இன்னும் பத்து நாள் போகட்டும் அத்தை" என்று சிரித்தேன்.

சகோதரிகளே, குழந்தை ஒரு வேளை பால் குடிக்காவிட்டால் எப்படிப் பதறுகிறோம்! இன்று சாயந்திரம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் உட்காருங்கள். "தண்ணி குடிச்சீங்களா? மெல்ல முடியுதா?" என்று கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.