ஓசி கேமும் ஒன்றரை மணி நேர வெண்பாவும்

"நம்ம ஆளுங்களுக்கு கேம் எல்லாம் பண்ண வராதுடா மச்சி!"

தாம்பரம் - பீச் எலக்ட்ரிக் டிரெயினில் தினம் வழங்கப்படும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. தீர்ப்பு சொல்பவர் கையில் போன், போனில் பி.ஜி.எம்.ஐ. குரோம்பேட்டை வருவதற்குள் செத்து, பல்லாவரத்தில் மறுபடி குதித்து, மீனம்பாக்கத்தில் மறுபடி சாவார். அது அவர் இஷ்டம். ஆனால் இதுவரை எத்தனை சின்ன டீம்களின் கேமைக் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராது, கிண்டி ஸ்டேஷன் வந்துவிடும்.

சரி, விஷயம் இதுதான். நல்ல கேம்கள் இருக்கின்றன. இல்லாதது வாங்குகிற பழக்கம்.

முதல் சாட்சி, வெண்பா. பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த யாப்பிலக்கணம் இல்லை இது, வீடியோ கேம். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன ஸ்டூடியோ 2023 ஜூலை கடைசியில் வெளியிட்டது. 1988ல் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பிள்ளை கவின். அம்மா கையோடு கொண்டு போன பழைய சமையல் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப் போன வரியை யூகித்து இட்லி வேக வைக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, வில்லன் இல்லை. தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளையும், அதை வெளியே சொல்ல முடியாத அம்மாவும்தான் கதை. முடிவைச் சொன்னால் பாவம், அதனால் சொல்லப்படாது.

இந்த கேம் 2024ல் இண்டிபெண்டென்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரிய பரிசை வாங்கியது. அதே வருடம் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. இட்லிப் பானையில் தட்டை எப்படி அடுக்குவது என்று வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து விளையாடினார்கள். அந்த இட்லி தினமும் வேகும் செலையூரிலும் முடிச்சூரிலும் பேரைச் சொன்னால் "எந்த வெண்பா, தமிழ் மிஸ் நடத்துனதா?" என்கிறார்கள். என்ன கொடுமை சார் இது!

கனடா கதை என்று ஒதுக்குபவர்களுக்கு அடுத்த சாட்சி, ராஜி. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் எடுத்தது. 2017ல் கிக்ஸ்டார்டரில் பணம் திரட்டப் பார்த்துத் தோற்றுப் போன கேம் இது. மூட்டை கட்டிக்கொண்டு போகாமல் உழைத்து 2020ல் வெளியிட்டார்கள். அந்த வருட கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக இண்டி கேமுக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இருந்தது. குறை இல்லையா? உண்டு. சண்டை சில இடங்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி, முடிவு சட்டென்று அறுந்து போகிறது. ஆனால் அந்தக் கோட்டைகளையும் சுவர் ஓவியங்களையும் வேறு எந்த கேமில் பார்க்க முடியும்?

இன்னும் வேண்டுமா? போபாலின் பைரோடாக்டில் 2014ல் வெளியிட்ட அன்ரெஸ்ட். பஞ்சம் பிடித்த ஒரு பழைய இந்திய நகரம், வாளைவிட வாய்ப்பேச்சுக்கு அதிக மதிப்பு. ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் 2017ல் எடுத்த அசுரா. இதில் ஹீரோவே அசுரன், எதிரிகள் தேவர்கள். கோவாவின் ஃப்ராஸ்ட்வுட் 2021ல் தந்த ஃபர்காட்டன் ஃபீல்ட்ஸ். எழுத வராமல் தவிக்கும் ஓர் எழுத்தாளன், சின்ன வயதில் வளர்ந்த வீட்டைக் கடைசியாகப் பார்க்கப் போகும் கதை. லேப்டாப் இல்லாதவர்களுக்காகவே வந்தது போல, கொல்கத்தாவில் இருந்து 2016ல் இலவசமாக ஆண்ட்ராய்டில் வந்த மிஸ்ஸிங். கடத்தி விற்கப்பட்ட ஒரு பெண்ணாக விளையாட வேண்டும். பத்து நிமிடத்தில் வயிற்றைப் பிசையும்.

இதற்குப் பிறகும் "பண்ண வராது" என்றால் பிரச்சினை பண்ணுகிறவர்களிடம் இல்லை.

அடுத்து வரும் ஆட்சேபணை தெரிந்ததுதான். "ஒன்றரை மணி நேரத்துல முடியுற கேமுக்கு இவ்ளோ காசா?" கேமை மணிக்கணக்கில் நிறுத்து வாங்க அது என்ன கத்தரிக்காயா? ரெண்டரை மணி நேரப் படத்துக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று கொட்டிக் கொடுப்பவர்கள், இடைவேளையில் "மணிக்கு எவ்வளவு விழுது" என்று கால்குலேட்டர் தட்டுவதில்லை. சின்ன கேம்களுக்கு மட்டும் அந்தக் கால்குலேட்டர் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது. பண்டிகை நேர சேலில் விலை குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதைவிட மோசமான ஒரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. ஸ்டீமில் ஒரு கேமை வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். வாங்குபவரைக் காப்பாற்ற வந்த நல்ல விதி. ஆனால் ஒன்றரை மணி நேர கேமை முழுசாக முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரீஃபண்ட் பட்டனை அமுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சம்மர் ஆஃப் '58 என்ற சின்ன திகில் கேமை எடுத்த எமிக்கா கேம்ஸ், இப்படித் திரும்பிப் போன காசினாலேயே கேம் எடுப்பதைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. ஹோட்டலில் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "சாப்பாடு சரியில்லை, காசைக் கொடு" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"காசே இல்லை" என்பது உண்மையானால் பேச்சே இல்லை. ஆனால் போனில் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கவும் பொம்மைக்குச் சட்டை போடவும் மாதா மாதம் போகும் காசு எந்தக் கணக்கு? ஓசி என்று ஆரம்பிக்கும் கேம்தான் சீசனுக்கு ஒரு முறை பர்ஸைத் திறக்க வைக்கிறது. அந்தச் சட்டையாவது நிலைக்குமா? 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. அதே வருடம் ஜூலையில் பி.ஜி.எம்.ஐ டவுன்லோடு கடைகளில் இருந்து காணாமல் போய் 2023 மே மாதம்தான் திரும்பியது. ஒரே உத்தரவில் கதவு சாத்தப்படும் இடத்தில் வாங்கிய சட்டையைச் சொத்து என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் சிரிப்பார்.

வீட்டுப் பிரச்சினையும் இருக்கிறது. பெரியவர்கள் காதில் "ஆன்லைன் கேம்" என்றால் ரம்மி என்றுதான் விழும். கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகள் அப்படி. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைக்க 2023 ஏப்ரல் ஆனது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. அதெல்லாம் தேவைதான். ஆனால் சூதாட்டத்தையும் வெண்பாவையும் ஒரே மூட்டையில் கட்டினால், கேம் டிசைன் படிக்கிறேன் என்று சொல்லும் பெருங்களத்தூர்ப் பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது அர்ச்சனைதான். ஒரு தடவை அம்மாவை உட்கார வைத்து அந்த இட்லிக் காட்சியை விளையாடச் சொன்னால், பத்து பக்க வாதத்தை அதுவே செய்யும்.

கேட்பவன் இல்லாத கடையில் சரக்கு நிற்காது. இது முதல் வருட பொருளாதாரப் பாடம். சின்ன டீம் ஒரு கேமுக்கு மூன்று நான்கு வருடம் கொடுக்கிறது. விற்றதில் கடைக்காரரான ஸ்டீம் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் சம்பளம், வாடகை, கடன். முதல் கேம் விற்காவிட்டால் இரண்டாவது கேம் கிடையாது. அந்த ஆர்ட்டிஸ்டும் புரோகிராமரும் வெளிநாட்டு கேமுக்கு மரமும் பாறையும் வரைந்து கொடுக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு டிரெயினில் "நம்ம ஆளுங்களுக்கு வராதுடா" என்று உச்சுக் கொட்டலாம். அப்போது அது உண்மையாகவும் ஆகியிருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி இல்லை. மேலே சொன்னவற்றில் ஒன்றை வாங்குங்கள். முடிக்கும் வரை விளையாடுங்கள். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, ஸ்டீமில் நாலு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். அங்கே ஒரு கேமுக்கு 10 விமர்சனம் சேர்ந்தால்தான் "பாசிட்டிவ்" என்ற மொத்த மதிப்பீடே பக்கத்தில் தெரியும், அதிலும் அங்கேயே காசு கொடுத்து வாங்கியவர்களின் விமர்சனம்தான் கணக்கு. ஒரு பி.காம் வகுப்பில் அறுபது பேர். பத்து பேர் மனசு வைத்தால், யாருக்கும் தெரியாத ஒரு கேம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

பத்தே பேர்தான் மக்களே!