கடைநிலைப் பணியாளரின் எச்சரிக்கையும் நோயாளியின் உயிரும்

2017 ஆகஸ்ட் 10 அன்று, உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் உள்ள பாபா ராகவ் தாஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆக்சிஜன் குழாய் அமைப்பை இயக்கிவந்த ஊழியர்கள், மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினர். திரவ ஆக்சிஜனின் இருப்பு அன்று மாலையைத் தாண்டாது என்பதே அதன் சாரம். சில நாட்களுக்கு முன்பும் அவர்கள் எச்சரித்திருந்தனர். ஆக்சிஜன் வழங்கிய நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகை பல மாதங்களாக நிலுவையில் இருந்தது. அந்த இரு நாட்களில் அம்மருத்துவமனையில் 30 குழந்தைகள் இறந்தனர். ஆக்சிஜன் தட்டுப்பாடு இறப்புகளுக்குக் காரணமன்று என்றே மாநில அரசு கூறிவந்தது. பின்னர்க் கல்லூரி முதல்வர் கைது செய்யப்பட்டார். மருத்துவர் கஃபீல் கான் பணியிடைநீக்கம் செய்யப்பட்டுச் சிறையிலும் அடைக்கப்பட்டார். யார் குற்றவாளி என்னும் விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடிதம் எழுதிய ஊழியர்களின் சொல் ஏன் எவர் காதிலும் ஏறவில்லை என்னும் கேள்வி அந்த விவாதத்தில் அநேகமாக எழவே இல்லை.

ஆனால் மருத்துவமனைப் பாதுகாப்பைப் பற்றிய ஆய்வுத்துறையின் மையக் கேள்வியே அதுதான். 'பாதுகாப்புப் பண்பாடு' என்னும் சொல் மருத்துவத்தில் பிறந்ததன்று. 1986இன் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வுகளில் புழக்கத்துக்கு வந்தது. தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என அந்நாட்டின் மருத்துவக் கழகம் 1999இல் மதிப்பிட்ட பிறகே, மருத்துவ உலகம் அச்சொல்லைத் தீவிரமாகக் கையிலெடுத்தது. பிழை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, அவர் வேலை செய்யும் அமைப்பிலிருந்தும் பிறக்கிறது என்பது அதன் அடிப்படை.

இத்துறையின் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று தற்செயலாக நிகழ்ந்தது. ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் நேரும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக இயங்கும் நல்ல குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என எதிர்பார்த்தார். கிடைத்த எண்ணிக்கையோ நேர்மாறாக இருந்தது. காரணத்தைத் துருவிப் பார்த்தபோதுதான், நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறுகளை அஞ்சாமல் வெளியே சொல்கின்றன என்பது புலப்பட்டது. மற்ற குழுக்களில் தவறு புதைக்கப்பட்டது. பிழையே நேராத மருத்துவமனை என ஒன்று பெருமை பேசினால், அங்கே பேச முடியாதவர்கள் எத்தனை பேர் என்றுதான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்தது இதன் நடைமுறை வடிவம். பெருஞ்சிரையில் குழாய் செருகும்போது கை கழுவுதல், தோலைத் தூய்மை செய்தல் போன்ற ஐந்து எளிய படிகள் பின்பற்றப்பட வேண்டும். மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவுகளின்படி, 18 மாதங்களில் இரத்தத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்தது. புதிய மருந்தோ எந்திரமோ அங்கே வரவில்லை. கீழே இருப்பவர் மேலே இருப்பவரை நிறுத்தலாம் என்னும் விதி மட்டும் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் இதே தடத்தில் அமைந்தது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன. தோலில் கத்தி படும் முன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது அப்பட்டியலின் ஒரு வரி. ஒருமுறை வாய் திறந்தவர், ஆபத்தைக் காணும்போது மறுமுறையும் வாய் திறப்பார் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். பெயரைக் கேட்டதும் ஊரையும் ஊரைக் கேட்டதும் தெருவையும் விசாரிக்கும் நாட்டில், பெயர் சொல்வது அத்தனை எளிதா என்று அப்பட்டியலை வகுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் இப்பட்டியலைக் கட்டாயமாக்கியபோது 101 மருத்துவமனைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை என 2014இல் ஓர் ஆய்வு கூறியது. கட்டத்தில் குறியிடுவது வேறு, உறவுகளை மாற்றுவது வேறு.

இந்திய மருத்துவமனைகளில் அந்த உறவுகள் பதவியால் மட்டும் அமைந்தவை அல்ல. சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைக்கும் மனிதர்களையே மேல்கீழாக அடுக்கிவைக்கிறது என அம்பேத்கர் 1936லேயே சுட்டினார். நம் மருத்துவமனை வார்டைப் போல அதைக் கண்கூடாகக் காட்டும் இடம் வேறில்லை. மலம், இரத்தம், சீழ், பிணம் ஆகியவற்றைத் தொடும் வேலை யாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அறிய நமக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தூய்மைப் பணி தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டிருக்கிறது. ஒரு தூய்மைப் பணியாளர் குப்பைப் பையில் ஊசி கிடப்பதைக் காண்கிறார் என வைத்துக்கொள்வோம். ஊசியைத் தவறான பையில் போட்டவர் பயிற்சி மருத்துவராக இருக்கலாம். அதை அவரிடம் சொல்லும் துணிவு அப்பணியாளருக்கு எங்கிருந்து வரும்? அவருடைய முதலாளி மருத்துவமனையே அன்று. நாளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்ல ஒப்பந்த மேற்பார்வையாளருக்கு ஒரு நொடி போதும்.

சட்டமும் அவர் பக்கம் முழுமையாக நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன; பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் தரப்பட வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டிய 'பெரும் விபத்து' என்பதன் வரையறையிலிருந்து ஊசிக்குத்துக் காயத்தை அதே விதிகள் பெயர் சொல்லியே விலக்கியிருக்கின்றன. ஊசிக்குத்து ஆண்டறிக்கையில் இடம்பெறும் மற்ற விபத்துகளோடு போய்ச் சேர்கிறது. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் ஒரே ஊசிமுனையில் பரவக்கூடியவை என்பதை நினைத்தால், இந்த விலக்கு யாருடைய உடலை அற்பமாகக் கருதுகிறது என்பது விளங்கும்.

இது பணியாளரின் உரிமைப் பிரச்சினை மட்டும், நோயாளியின் பாதுகாப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சிலர் கருதலாம். இங்கிலாந்தின் 126 மருத்துவமனை அறக்கட்டளைகளின் 2010 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு அக்கருத்தை மறுக்கிறது. தூய்மைப் பணியை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்த மருத்துவமனைகளில் செலவு குறைந்தது. மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமித் தொற்று கூடுதலாக இருந்தது. அங்கே சாதியின் சுமை இல்லாமலேயே விளைவு இது. தரையைத் துடைப்பவரைக் குழுவிலிருந்து வெளியேற்றினால், அதன் விலையைக் கட்டிலில் கிடப்பவர் செலுத்துகிறார்.

அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட பாதுகாப்புப் பண்பாட்டு வினாத்தாள்தான் உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது கேள்வி கேட்க அஞ்சுகிறீர்களா, அதிகாரம் மிக்கவரின் முடிவைக் கேள்வி கேட்க இயலுகிறதா, உங்கள் தவறு உங்களுக்கு எதிராகவே திருப்பப்படும் என்று நினைக்கிறீர்களா என்றெல்லாம் அது வினவுகிறது. துப்புரவு, காவல் பணியாளர் தொடங்கி மருத்துவர் வரை அனைவரும் விடையளிக்கலாம் என்று அதன் வழிகாட்டியே கூறுகிறது. இந்தியாவில் அதைப் பயன்படுத்தும் ஆய்வுகளோ பெரும்பாலும் மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பர் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. சாதியைப் பற்றி ஒரு வினாவும் அந்தத் தாளில் இல்லை. அமெரிக்காவில் எழுதப்பட்ட தாளில் அது இல்லாததை மன்னிக்கலாம். இங்கே அதை மொழிபெயர்ப்போர் சேர்க்காமல் விடுவதை மன்னிக்க முடியாது.

மருத்துவர் என்னும் பட்டம் பெற்றுவிட்டால் குழுவுக்குள் இடம் கிடைத்துவிடும் என்பதும் மெய்யன்று. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் தேர்விலும் பாகுபாட்டுக்கு உள்ளாவதை 2007லேயே தோரட் குழு பதிவுசெய்தது. 2019 மே 22 அன்று மும்பையில் தற்கொலை செய்துகொண்ட பாயல் தட்வி, தட்வி பில் பழங்குடியைச் சேர்ந்தவர். மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலை மாணவி. மூத்த மருத்துவர்கள் மூவர் சாதியைச் சொல்லித் துன்புறுத்தினர் என்பதும், பிரசவம் பார்க்கும் வாய்ப்பே அவருக்கு மறுக்கப்பட்டது என்பதும் குடும்பத்தின் குற்றச்சாட்டு. மூவரும் அதை மறுக்கின்றனர். துறையில் முறையிட்டும் பயனில்லாமல் போனது என்கிறார் அவருடைய தாய். அந்தக் குற்றச்சாட்டுகளின் மீது தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் பணி. தனக்கு நேரும் துன்பத்தையே சொல்லி நிவாரணம் பெற முடியாத ஓர் இளம் மருத்துவர், நள்ளிரவில் மேலதிகாரியின் மருந்தளவு தவறு என்று எப்படிச் சொல்வார் என்பது அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாத கேள்வி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தனிநபரைத் தண்டிக்காதீர், அமைப்பைத் திருத்துங்கள் என்னும் இத்துறையின் முழக்கம், அதிகாரம் உள்ளவர்கள் தப்பிக்கும் வழியாகவும் மாறக்கூடும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டதை நாம் மறக்கவில்லை. இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை வங்கியிலிருந்து வந்தது. தவறு வெளிப்பட்டதுகூட, தனக்குத் தொற்று இருப்பதை வேறோரிடத்தில் அறிந்த கொடையாளர் தானே வந்து சொன்னதால்தான். அந்த இளைஞர் பின்னர் உயிரை மாய்த்துக்கொண்டார். நடவடிக்கை உடனடியாகப் பாய்ந்தது ஆய்வகப் பணியாளர்கள் மீது. அவர்கள் பொறுப்பற்றவர்களாக இருந்திருக்கலாம். எனினும் நம் மருத்துவமனைகளில் பழி எப்போதும் படிக்கட்டில் கீழ்நோக்கியே உருள்கிறது. எச்சரிக்கை மேல்நோக்கி ஏறுவதில்லை. கோரக்பூர்க் கடிதமும் சாத்தூர் இரத்தப் பையும் இந்த ஒரே குறையின் இரு முகங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குரிய நீதியையும் இழப்பீட்டையும் 'பாதுகாப்புப் பண்பாடு' என்னும் பெயரால் எவரும் குறைத்துவிடக் கூடாது. அதே வேளையில், கடைசி ஊழியரின் பணிநீக்கத்தோடு கோப்பை மூடவும் விடக் கூடாது.

ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்ட தேசிய நோயாளர் பாதுகாப்புச் செயலாக்கச் சட்டகம் 2025 வரைக்குமானது. அடுத்ததை வகுக்கும்போது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களும் பிணவறைப் பணியாளர்களும் பண்பாட்டு ஆய்வின் மாதிரியில் இடம்பெற வேண்டும். சாதிப் பாகுபாட்டை அளக்கும் வினாக்கள் அதில் சேர வேண்டும். பாதுகாப்புக் குறையைச் சுட்டியவரை ஒப்பந்த நிறுவனம் வேலைநீக்கம் செய்தால் முதன்மைப் பொறுப்பு மருத்துவமனையுடையதாக வேண்டும். ஊசிக்குத்து விலக்கு விதிகளிலிருந்து நீக்கப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் தத்தம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளை அனுப்பலாம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடித்தவர்கள் எத்தனை பேர்? கழிவு விதிகளின்கீழ்த் தாக்கல் செய்த கடந்த ஆண்டறிக்கையில் எத்தனை ஊசிக்குத்துகள் பதிவாகியுள்ளன? மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் தூய்மைப் பணியாளர் ஒருவரேனும் உறுப்பினராக இருக்கிறாரா? இரண்டாம் கேள்விக்குச் 'சுழியம்' என்று பதில் வந்தால், அங்கிருந்துதான் விசாரணையைத் தொடங்க வேண்டும்.